எல்1 உறைப்புரதத்தின் வடிவத்தை எப்படிப் படிப்பது? – விவாத இழை

இளம்பரிதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வாக்ஸினியாவின் எல்1 என்னும் உறைப்புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை ஒரு வாரமாகத் திரையில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2005இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் ஏறத்தாழ 1.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் கண்டறியப்பட்ட அமைப்பு இது. ஆல்ஃபா சுருள்கள் ஒரு கட்டாகச் சேர்ந்து நிற்கின்றன. அக்கட்டின் மீது, ஒவ்வொன்றும் இரண்டே இழைகள் கொண்ட இரு பீட்டா தாள்கள் சாய்ந்திருக்கின்றன. இவற்றை வளையங்கள் இணைக்கின்றன. சிஸ்டீன் என்னும், கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் ஆறு, இரண்டிரண்டாக இணைந்து மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளாகி, முழு உருவத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அது சொல்லும் செய்தி எனக்கு எட்டவில்லை. அம்மை வைரஸ்கள் செல்லின் கருவுக்குள் போகாமல் சைட்டோபிளாசத்திலேயே பெருகுகின்றன என்று படித்திருக்கிறேன். சைட்டோபிளாசம் சிஸ்டீன்களை ஒடுக்கிய நிலையிலேயே வைத்திருக்கும் சூழல். அங்கே டைசல்ஃபைடு பிணைப்பு நிலைக்காது என்பதும் பாடநூல் சொல்வதுதான். அப்படியிருக்க, அங்கேயே உருவாகும் எல்1க்கு மூன்று பிணைப்புகள் எப்படி வந்தன? மேலும், புரதத்தின் முன்முனைக்கு அருகில் நீர்விலக்கும் குழி ஒன்று காலியாகத் தெரிகிறது. அது எதற்காக? செல்லின் சவ்வோடு வைரஸின் சவ்வைப் பிணைத்து ஒன்றாக்கும் புரதம் இதுதானா, அல்லது அந்த வேலைக்கு வேறொன்று இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அகச்சவ்வு

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், நண்பரே. ஏனெனில் அந்த விடை இல்லாமல் மற்ற இரண்டையும் தொட முடியாது.

ஒரு சவ்வுப் புரதத்தின் வடிவத்தைப் பார்க்கும் முன்பு, அது சவ்வின் எந்தப் பக்கத்தில் மடிந்தது என்று கேட்க வேண்டும். இன்ஃபுளுவென்சா, எச்.ஐ.வி. போன்ற வைரஸ்களின் உறைப்புரதங்கள் எண்டோபிளாச வலையின் உட்பக்கத்தில் மடிகின்றன. அங்கே டைசல்ஃபைடு பிணைப்பு அமைக்கும் நொதிகளும் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டும் நொதிகளும் உள்ளன. அம்மை வைரஸின் முதிர் துகள், அதாவது ஒற்றைச் சவ்வு கொண்ட முழுமையான வைரஸ் துகள், அப்படி உருவாவதில்லை. அதன் சவ்வு எண்டோபிளாச வலையிலிருந்து பிய்ந்து, ஓரங்கள் திறந்த பிறை வடிவத் துண்டுகளாகத் தோன்றி, பின்பு உருண்டு மூடிக்கொள்கிறது. இதில் வலையின் சைட்டோபிளாசப் பக்கமே துகளின் வெளிப்பக்கமாகிறது. எல்1இன் 250 அமினோ அமிலங்களில் முதல் 185 வரையானவை துகளுக்கு வெளியே நிற்கும் பகுதி. அதை அடுத்துச் சவ்வை ஊடுருவும் ஒரு சுருள், பின்பு துகளுக்குள் இருக்கும் வால். வெளியே நிற்கும் அந்தப் பெரும்பகுதி தன் வாழ்நாளில் ஒருபோதும் எண்டோபிளாச வலையின் உட்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முதிர் துகளின் புரதங்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரைச் சங்கிலிகள் இல்லாததற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் பிணைப்புகளை யார் அமைக்கிறார்கள்? வைரஸே அமைத்துக்கொள்கிறது. இ10, ஏ2.5, ஜி4 என்ற மூன்று வைரஸ் புரதங்கள் ஒரு சங்கிலியாகச் செயல்படுகின்றன. இ10 சிஸ்டீன்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி, அது ஏ2.5ஐ மாற்ற, ஏ2.5 ஜி4ஐ மாற்ற, ஜி4 இறுதியாக எல்1இன் சிஸ்டீன்களை இணைக்கிறது. இ10 உருவாகாமல் தடுத்தால் எல்1இலும் அதன் உறவுப் புரதமான எஃப்9இலும் டைசல்ஃபைடு பிணைப்புகள் அமைவதில்லை. செல்லின் எந்த உதவியும் இல்லாமல் சைட்டோபிளாசத்துக்குள்ளேயே தனக்கென ஒரு பிணைப்புப் பட்டறையை நடத்தும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. நீங்கள் திரையில் காணும் ஒவ்வொரு டைசல்ஃபைடு பிணைப்பும் அந்தச் சங்கிலியின் கைத்தடம்.

இளம்பரிதி

மிக்க நன்றி. வெளிப்பக்கம் என்பது சைட்டோபிளாசப் பக்கம் என்ற ஒரு செய்தி தெரியாததால்தான் நான் இத்தனை நாள் குழம்பியிருக்கிறேன். பெயரைப் பற்றியும் ஒரு சிறு ஐயம். எல்1, ஏ2.5, எஃப்9 என்ற பெயர்கள் செயலைக் குறிக்கின்றனவா?

அகச்சவ்வு

இல்லை. வாக்ஸினியாவின் மரபணுத்தொகுதியை ஹிண்ட்-3 என்னும் வெட்டுநொதியால் வெட்டியபோது கிடைத்த துண்டுகளுக்கு, மிகப் பெரியதை ஏ என்று தொடங்கி, அளவு வரிசையில் எழுத்துகள் இட்டார்கள். எல்1 என்றால் எல் துண்டில் உள்ள முதல் மரபணு என்பதே பொருள். பின்னர் இரு மரபணுக்களுக்கு நடுவே புதிதாக ஒன்று கண்டறியப்பட்டபோது, இடையில் ஒரு பின்ன எண்ணை நுழைத்து ஏ2.5 என்றார்கள். பெயரைக் கொண்டு வேலையை ஊகிக்க இங்கே வழியில்லை.

வெண்படிகம்

படிகவியல் பக்கத்திலிருந்து அந்தக் குழியைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்1இன் முன்முனையில், தொடக்க மெத்தியோனின் நீக்கப்பட்ட பின் நிற்கும் கிளைசினோடு, 14 கார்பன் அணுக்கள் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் செல்லின் நொதி ஒட்டுகிறது. வெளிப்பகுதி சைட்டோபிளாசத்தில் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. அந்த நொதி அங்கேதான் இருக்கிறது. நண்பர் அகச்சவ்வு சொன்ன திசைக் கணக்கு இங்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். இப்படி ஒட்டப்பட்ட நீளமான, நீரை வெறுக்கும் வால் ஒன்று, நீர் சூழ்ந்த துகள் மேற்பரப்பில் அப்படியே நீட்டிக்கொண்டிருக்க இயலாது. நீங்கள் பார்த்த குழி, அந்த வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் அளவும் தன்மையும் கொண்டது. அமைப்பை வெளியிட்டவர்களே அந்தக் குழியை மிரிஸ்டேட்டுக்கான, அதாவது ஒட்டப்பட்ட அந்த வாலுக்கான, உறையாகத்தான் விளக்கினார்கள். மேலும், புரதத்தின் வடிவம் சற்று மாறினால் வால் குழியை விட்டு வெளியேறி அருகிலுள்ள சவ்வுக்குள் நுழையக்கூடும் என்ற கருத்தையும் முன்வைத்தார்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிகமாக்கப்பட்டது வெளிப்பகுதி மட்டுமே. சவ்வை ஊடுருவும் சுருளும் உள்வாலும் அதில் இல்லை, மிரிஸ்டேட்டும் இல்லை. ஆகவே காலிக் குழி என்று நீங்கள் பார்ப்பது உண்மையான வைரஸின் மேல் காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிகத்தில் ஒன்று தெரியவில்லை என்பதை அது இயற்கையில் இல்லை என்று படிப்பது, எங்கள் துறைக்குப் புதிதாக வருவோர் எல்லோரும் ஒருமுறையேனும் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கூர்முனை

இந்த விளக்கத்திலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். எல்1 ஓர் ஈட்டி போல வேலை செய்கிறது. துகள் செல்லை நெருங்கியதும் குழி திறக்கிறது, மிரிஸ்டேட் வெளியே பாய்ந்து செல்லின் சவ்வைக் குத்துகிறது, இரு சவ்வுகளும் ஒன்றாகின்றன. ஆகவே அம்மை வைரஸின் இணைப்புப் புரதம் எல்1தான் என்று ஏன் நேராகச் சொல்லக் கூடாது? இன்ஃபுளுவென்சாவில் ஹீமக்ளூட்டினின் செய்வதும் ஏறத்தாழ இதுதானே?

வெண்படிகம்

அழகான படம்தான். ஆயினும் சோதனைகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது என் மதிப்பீடு.

இன்ஃபுளுவென்சாவில் ஒரே புரதம் செல்லோடு ஒட்டுவதையும் சவ்வுகளை இணைப்பதையும் செய்கிறது. அம்மை வைரஸில் இந்த வேலைகள் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றன. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெப்பாரன் சல்ஃபேட்டோடு ஏ27, எச்3 ஆகிய இரண்டும், காண்ட்ராய்டின் சல்ஃபேட்டோடு டி8உம், லாமினினோடு ஏ26உம் பிணைகின்றன. அதன்பின் சவ்வுகளை இணைக்கும் பணியை ஏ16, ஏ21, ஏ28, எஃப்9, ஜி3, ஜி9, எச்2, ஜே5, எல்1, எல்5, ஓ3 என்ற 11 புரதங்கள் அடங்கிய ஒரு கூட்டமைவு மேற்கொள்கிறது. இவற்றில் ஓ3 வெறும் 35 அமினோ அமிலங்கள் கொண்டது. ஏ16, ஜி9, ஜே5 மூன்றும் தமக்குள் உறவுடையவை; எல்1உம் எஃப்9உம் அதே போல உறவுடையவை. மற்ற வைரஸ்களின் இணைப்புப் புரதங்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் 11இல் எதுவும் அந்த வகுப்புகளில் எதற்குள்ளும் அடங்கவில்லை.

ஈட்டிக் கருத்துக்கு எதிரான வலுவான சான்று வேறு. எல்1 இல்லாத துகள்களை உருவாக்கிச் சோதித்தபோது, அவை தோற்றத்தில் இயல்பாகவே இருந்தன, செல்லோடு ஒட்டவும் செய்தன. ஆனால் வைரஸின் உள்ளகம், அதாவது மரபணுத்தொகுதி அடங்கிய நடுப்பகுதி, செல்லுக்குள் நுழையவில்லை. 2008இல் வெளிவந்த இந்த முடிவுக்கு முன்பு, எல்1 துகளைக் கட்டும் பணிக்குத் தேவையானது என்றே கருதப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தன. சவ்வு இணைப்பில் முதலில் இரு சவ்வுகளின் வெளி அடுக்குகள் மட்டும் கலக்கும். அதை அரை இணைப்பு என்போம். அதன் பிறகே துளை திறந்து உள்ளகம் நுழையும். எல்1 இல்லாத துகள்களில் கொழுப்புகளின் கலப்பு நடந்தது. உள்ளகம் மட்டும் நுழையவில்லை. முதல் குத்தைச் செய்வது எல்1 என்றால், எல்1 இல்லாதபோது கலப்பே நடந்திருக்கக் கூடாது அல்லவா?

கூர்முனை

ஒப்புக்கொள்கிறேன். நான் முதல் படியையும் இறுதிப் படியையும் ஒன்றாகக் கருதிவிட்டேன். அப்படியானால் மிரிஸ்டேட் வெறும் அலங்காரமா?

வெண்படிகம்

அலங்காரம் இல்லை. முன்முனையையும் மிரிஸ்டேட்டையும் குலைத்த மாற்றுருக்களில் வைரஸின் நுழைவு பாதிக்கப்பட்டது. எனவே அந்த வால் தேவைதான். அது எந்தப் படியில் தேவைப்படுகிறது என்பதில்தான் உங்கள் படம் மாற வேண்டும். அரை இணைப்பு முடிந்தபின் துளையைத் திறக்கும் அல்லது அகலமாக்கும் கட்டத்தில் எல்1 பங்கேற்கிறது என்று கொண்டால் எல்லாச் சான்றுகளும் ஒத்துப்போகின்றன. எல்1 இல்லாதபோதும் கூட்டமைவின் மற்ற உறுப்புகள் ஒன்றுசேர்ந்தே இருக்கின்றன என்ற செய்தியும் இதற்குத் துணைநிற்கிறது.

உறவுப் புரதமான எஃப்9இன் வடிவம் 2018இல் வெளியானதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமினோ அமில வரிசையில் ஒற்றுமை மிகக் குறைவு. மடிப்போ எல்1ஐ அப்படியே நினைவூட்டுகிறது. மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளும் உண்டு. ஆனால் எஃப்9இல் மிரிஸ்டேட் ஒட்டப்படுவதில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு புரதங்களில் ஒன்று மட்டும் கொழுப்பு வாலோடு இருக்கிறது; இரண்டில் எது இல்லாவிட்டாலும் வைரஸால் நுழைய முடிவதில்லை. இந்த இணையைப் பற்றி ஆண்டுகணக்கில் யோசிக்கலாம்.

நிழலுரு

கணினிக் கணிப்பின் வழியே வந்தவன் நான். அமினோ அமில வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் தரும் எல்1 மாதிரியில் சவ்வை ஊடுருவும் சுருளும் சேர்ந்தே கிடைக்கிறது. படிகத்தில் இல்லாததை அதிலிருந்து நிரப்பிக்கொள்ளலாமே.

வெண்படிகம்

நிரப்பிக்கொள்ளலாம், எதை நிரப்புகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். பொதுத் தரவகத்தில் உள்ள அந்த மாதிரிகள் அமினோ அமிலச் சங்கிலியை மட்டுமே கொண்டவை. சவ்வும் அதில் இல்லை, மிரிஸ்டேட்டும் இல்லை, அருகில் நிற்கும் மற்ற 10 புரதங்களும் இல்லை. சுருள் வெளிப்பகுதிக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதை அதிலிருந்து நம்பிக்கையோடு எடுக்க முடியாது. எல்1ஐப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது ஓர் ஓய்வு நிலை வடிவம் அன்று, அது மாறும் வழி; கணிப்பு தருவது பெரும்பாலும் முன்னதைத்தான். எந்த இடத்தை மாற்றிச் சோதிக்கலாம் என்று தீர்மானிக்க அம்மாதிரிகள் பெரிதும் உதவும். அந்த அளவில் நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன்.

தடுப்பரண்

நோயெதிர்ப்புத் துறையிலிருந்து ஓரிரு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். எல்1இன் வடிவம் எங்களுக்கு மிகவும் வேண்டியது.

எல்1க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முதிர் துகளை வலுவாகச் செயலிழக்கச் செய்கின்றன. 7டி11 என்ற எதிர்ப்பொருளின் துண்டு எல்1ஓடு பிணைந்த நிலையில் உள்ள அமைப்பு 2007இல் வெளியானது. அந்த எதிர்ப்பொருள் பற்றும் இடம் சங்கிலியில் தொடர்ச்சியான ஒரு துண்டு அன்று. வரிசையில் தள்ளியிருக்கும் இரு வளையங்கள் மடிப்பினால் அருகருகே வந்து, ஒரு டைசல்ஃபைடு பிணைப்பால் சேர்த்துக் கட்டப்பட்டு அந்த இடத்தை உருவாக்குகின்றன. 35ஆம் இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தின் பக்கக் கிளை எதிர்ப்பொருளின் பள்ளத்துக்குள் நீட்டி நிற்கிறது. அந்த ஓர் அமினோ அமிலம் மாறினால் எதிர்ப்பொருளின் பிடி விட்டுப்போகிறது. இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு விளைவு எழுகிறது. தடுப்பூசிக்காக எல்1ஐ ஆய்வகத்தில் உற்பத்தி செய்யும்போது, டைசல்ஃபைடு பிணைப்புகள் சரியாக அமையாவிட்டால், புரதத்தின் அளவு எவ்வளவு இருந்தாலும் பயனுள்ள எதிர்ப்பொருள் உருவாகாது. சூடாக்கி மடிப்பைக் குலைத்த எல்1ஐ இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காண்பதில்லை.

கூர்முனை

அப்படியானால் எல்1ஐ மட்டும் வைத்துத் தடுப்பூசி செய்தால் போதுமே. துளையைத் திறக்கும் புரதத்தை மறித்துவிட்டால் வைரஸுக்கு வேறு வழி ஏது?

தடுப்பரண்

போதாது, நண்பரே. அதற்கான காரணமும் அமைப்பில்தான் இருக்கிறது. இதுவரை நாம் பேசியது ஒற்றைச் சவ்வு கொண்ட முதிர் துகளைப் பற்றி. செல்லை விட்டு வெளியேறிப் பரவும் துகள் அதற்கு மேல் இன்னொரு சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அந்த மேல்சவ்வில் எல்1 இல்லை. ஏ33, ஏ34, பி5 போன்ற வேறு புரதங்களே இருக்கின்றன. எல்1 அடிச்சவ்வில், எதிர்ப்பொருளின் கைக்கு எட்டாமல் மறைந்திருக்கிறது.

இந்த மேல்சவ்வுப் புரதங்கள் எண்டோபிளாச வலையின் வழியாகவே உருவாகின்றன; ஆகவே சர்க்கரைச் சங்கிலிகள் கொண்டவை. ஏ33இன் வடிவம் 2010இல் வெளியானபோது, சி-வகை லெக்டின்கள் என்னும், சர்க்கரைகளைப் பற்றும் புரதங்களை ஒத்த மடிப்பு அதில் தெரிந்தது. அது இரட்டையாக நிற்கிறது. பி5இன் வெளிப்பகுதியில், நமது நோயெதிர்ப்பின் ஒரு பகுதியான நிரப்புப் புரதங்களைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் காணப்படும் சிறு மீள்அலகுகளை ஒத்த நான்கு அலகுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே வைரஸின் இரண்டு சவ்வுகள், இரண்டு மடிப்புச் சூழல்கள், முற்றிலும் வேறான இரண்டு புரதக் கூட்டங்கள். அகச்சவ்வு தொடக்கத்தில் கேட்ட 'எந்தப் பக்கத்தில் மடிந்தது' என்ற கேள்வி இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது.

செல்லை அடைந்ததும் இந்த மேல்சவ்வு இணைவதில்லை. தொடும் இடத்தில் கிழிந்து விலகுகிறது. செல்லின் மேற்பரப்புச் சர்க்கரைகள் அதைத் தூண்டுகின்றன. ஏ34உம் பி5உம் அதற்குத் தேவை. அடிச்சவ்வும் எல்1உம் வெளிப்படுவது அந்தக் கடைசிக் கணத்தில்தான். அதனால் இரு துகள்களையும் குறிவைக்கும் கலவையே சரியான வழி என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். எம்பாக்ஸ் (குரங்கம்மை) வைரஸில் எல்1இன் இணை எம்1, ஏ33இன் இணை ஏ35, பி5இன் இணை பி6. அண்மையில் ஆய்வுக்கு வந்துள்ள தூது-ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் எம்1, எச்3, ஏ35, பி6 ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்திருப்பது இதனால்தான்.

இளம்பரிதி

இந்த இழை நான் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் சென்றுவிட்டது, அனைவருக்கும் நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. எல்1 போன்ற ஒரு புரதத்தில் டைசல்ஃபைடு பிணைப்புகள் இவ்வளவு இறுக்கமாக இருந்தால், குழி திறந்து வால் வெளிவரும் அளவுக்கு வடிவம் எப்படி மாறும்? மூன்று கட்டுகளும் அதைத் தடுக்காதா?

வெண்படிகம்

நல்ல கேள்வி; இதை நீங்களாகக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. கட்டுகள் முழுப் புரதத்தையும் ஒரே மாதிரி இறுக்கவில்லை. திரையில் ஒவ்வொரு பிணைப்பும் எந்தச் சுருளை எந்த வளையத்தோடு சேர்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்முனையில் உள்ள சில அமினோ அமிலங்கள் முதல் சிஸ்டீனுக்கு வெகு முன்பாகவே இருப்பதைக் காண்பீர்கள். அந்தப் பகுதி எந்தக் கட்டுக்கும் உட்படாதது. ஆகவே மொத்த மடிப்பும் குலையாமல், முன்முனை மட்டும் குழியின் வாயிலிருந்து விலகி அசைய இடமிருக்கிறது. படிகத்தில் அணுக்களின் அசைவளவைக் குறிக்கும் எண்களை நிறங்களாக மாற்றிப் பார்த்து, முன்முனையும் குழியைச் சுற்றியுள்ள வளையங்களும் எந்த நிறம் காட்டுகின்றன என்று இங்கே எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசுவோம்.

இளம்பரிதி

இன்றிரவே அதைச் செய்து, படத்துடன் பதிவிடுகிறேன். எஃப்9இன் அமைப்பையும் மேல்பொருத்தி, அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று சேர்த்தே பார்க்கிறேன்.